காலி என்று கத்தியவள்

பன்னிரண்டு. இல்லை, பதிமூன்று. அந்தப் பெரிய பெட்டையின் வயிற்றுக்குக் கீழே ஏதோ ஆடியது, குட்டியின் காலா நிழலா என்று பிடிபடுவதற்குள் பனிமூட்டம் வந்து எதிர்ச் சரிவை அப்படியே மூடிவிட்டது. போ. எப்சிபா பைனாகுலரை மடியில் போட்டுவிட்டு விரல்களை அக்குளில் சொருகிக்கொண்டாள். ஏப்ரல் கடைசியிலும் இந்த மலையில் கல் ஐஸாகத்தான் இருக்கிறது, உட்கார்ந்த இடம் மரத்துப்போய் தன் உடம்பா வேறு யாருடையதா என்றே தெரியவில்லை. மணி ஆறே முக்கால். ஒன்பது வரை இதே கல்லில் உட்கார்ந்து எதிரே மேயும் வரையாடுகளை எண்ணி ஃபாரத்தில் எழுத வேண்டும். கிடா எத்தனை, பெட்டை எத்தனை, போன வருஷத்துக் குட்டி எத்தனை, இந்த வருஷத்துக் குட்டி எத்தனை. பேசக் கூடாது. அந்தப் பக்கத்து மேட்டில் பச்சை ஜெர்க்கினும் குரங்குக் குல்லாவுமாக மாசானம் அண்ணன் உட்கார்ந்திருக்கிறார், அவரும் இதே மந்தையைத்தான் எண்ணுகிறார். ஒருத்தர் எண்ணிக்கை இன்னொருத்தருக்குத் தெரியக் கூடாது, கையைக் காட்டிக்கொள்ளவும் கூடாது, ரெண்டு ஃபாரத்தையும் கீழே கொட்டகையில் ஃபாரஸ்டர் சார் தனித்தனியாக வாங்கி ஒப்பிட்டுப் பார்ப்பார். ஒரு கண் தப்பவிட்டதை இன்னொரு கண் பிடிக்கும் என்று பயிற்சியில் சொன்னார்கள். அன்றைக்கே அவளுக்குச் சிரிப்பு வந்தது, நல்ல சிரிப்பு இல்லை. ஆடு எண்ணுவதற்கு இத்தனை சந்தேகம். தீ வைப்பதற்கு மட்டும் ஒருத்தி கீழேயிருந்து கத்தினால் போதும். ஒருத்தி கத்தினாள். அவ்வளவுதான், அந்தப் பேச்சு வேண்டாம், எண்ணு. மூட்டம் விலகட்டும், எண்ணு. மாசானம் அண்ணன் சட்டைப் பைக்குள் அந்தக் கடிதம் இருக்கும். நனையாமல் இருக்க பிளாஸ்டிக் கவரில் மடித்து வைத்திருப்பார். ஒன்பது மணிக்கு ஃபாரத்தோடு அதையும் சாரிடம் கொடுத்துவிடுவார், சார் அதை மத்தியானம் ரேஞ்ச் ஆபீசுக்குக் கொண்டுபோவார், அதோடு அவருடைய பதினொரு வருஷ வேலை போச்சு. இன்னும் ரெண்டே கால் மணி நேரம். அந்தக் கடிதத்தில் இருப்பது எப்சிபாவின் கையெழுத்து.

அதுதான் தாங்க முடியவில்லை. வேறு யாராவது எழுதியிருக்கலாம். எஸ்டேட் லயத்தில் படித்தவர்களுக்கா பஞ்சம், ஆனால் அவர் நேராக இவள் வீட்டு வாசலில் வந்து நின்று, "வாத்தியாரம்மா, ஒரு காகிதம் எழுதணும்" என்றார். பதினொன்றாவதில் இயற்பியலில் கவிழ்ந்து பள்ளிக்கூடத்துக்கே கும்பிடு போட்டுவிட்டு வந்தவளுக்கு அவர் வைத்த பட்டம் வாத்தியாரம்மா. ஃபயர் வாட்சர் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே வைத்தது. அவர் படித்தது மூன்றாம் வகுப்பு, பெயரை மட்டும் போடுவார், அதுவும் 'ன'வுக்கு ஒரு சுழி குறையும். அம்மா கொடுத்த கட்டன் காபியை ஆற்றிக்கொண்டே அவர் சொல்லச் சொல்ல இவள் எழுதினாள். "நான் ஐந்து நிமிடம் தாமதமாகத் தீ வைத்துவிட்டேன். அந்த ஐந்து நிமிடத்தில் ஆடு குட்டியைக் கொண்டுவந்து புல்லில் படுக்க வைத்திருக்க வேண்டும். கீழே பார்த்த பிள்ளை மீது தவறு இல்லை. தவறு முழுக்க என்னுடையது." கீழே பார்த்த பிள்ளை மீது தவறு இல்லை. அந்த வரியை அவர் சொன்னபோது பேனா நின்றது. "என்னம்மா, எழுத்து வரலியா?" என்றார். "மை வரல" என்று சொல்லி பேனாவை உதறி, எழுதினாள். தன் கையாலேயே. 'தவறு' என்ற சொல்லுக்கு சின்ன 'ர'வா பெரிய 'ற'வா போடுவது என்று ஒரு நொடி யோசிக்கவும் செய்தாள், அந்த நேரத்தில் எழுத்துப் பிழை வரக் கூடாது என்று கவலைப்பட்டிருக்கிறாள். அடித்தல் திருத்தல் இல்லாமல் முத்து முத்தாக இருந்தது கடிதம். அவர் தூரப் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஒன் எழுத்துக்காகவாவது மன்னிச்சு விட்ருவானுங்க" என்று சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். எப்சிபாவும் சிரித்தாள், ஏன் சிரித்தாள் என்று கேட்டால் அடிக்க வேண்டும் அவளை.

மூட்டம் விலகிவிட்டது. சரிவு மறுபடி நனைந்த பச்சையாக விரிந்து கிடக்கிறது, மேலே புல், இடுக்குகளில் சோலைக்காடு, அதற்கும் கீழே திடுமென்று அறுத்துவிட்ட மாதிரி பாறை, பாறைக்குக் கீழே ஒன்றும் இல்லை, வெறும் ஆகாசம். இந்த ஆடுகளுக்குப் புல்லும் வேண்டும் பாறையும் வேண்டும். வாய் புல்லில் இருந்தாலும் கால் பாறைக்கு ஓடுகிற தூரத்தில்தான் இருக்கும். சிறுத்தை வந்தாலும் செந்நாய் வந்தாலும் ஒரே ஓட்டம், பாறை விளிம்பில் இறங்கி நின்றுகொண்டால் எவனும் கிட்டே வர முடியாது. ராத்திரி படுப்பதும் அந்தப் பாறையில்தான். கையகல இடத்தில் நாலு காலையும் சேர்த்து வைத்து நிற்கிற ஆட்டைப் பார்த்தால் இவளுக்குத்தான் வயிறு கூசும். மாநில விலங்கு. பள்ளிக்கூடத்தில் ஒரு மார்க் கேள்வி, படம் வரைந்து பாகம் குறி என்றுகூட ஒரு முறை வந்தது, நேரில் பார்க்காத ஒருத்தன் வரைந்த படம் அது, நாட்டு ஆட்டுக்குக் கொம்பு பெருசாக வைத்துவிட்டால் வரையாடு ஆகிவிடுமா. எண்ணு. இடது ஓரத்தில் ஏழு பெட்டை. நடுவில் நாலு. மேலே மொழுமொழுப் பாறை பக்கம் ஆறு, இல்லை ஐந்து, ஒன்று போன வருஷத்துக் குட்டி. முதுகில் வெள்ளை விழுந்த பெரிய கிடாக்கள் இந்தக் கூட்டத்தில் இல்லை, அதுகள் தனியாக எங்கேயோ திரிகின்றன, மழைக்காலத்தில்தான் பெட்டைகளைத் தேடி வரும், ஆம்பளைகள் எங்கேயும் அப்படித்தான் என்று மாசானம் அண்ணன் பெண்டாட்டி சொல்லுவாள். பெட்டை பதினாறு. குட்டி பன்னிரண்டு. திரும்ப எண்ணினால் திரும்பப் பன்னிரண்டு. பதிமூன்று வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்தாள். எழுதிவிடலாமா. பன்னிரண்டை அழித்துப் பதிமூன்று என்று போட்டால் யாருக்குத் தெரியும், அந்தப் பக்கம் அண்ணன் பன்னிரண்டு போட்டிருந்தாலும் ஒரு குட்டி மறைவில் இருந்ததென்று விட்டுவிடுவார்கள். ஒரு குட்டி கூடும். தாளில் ஒரு குட்டி உசிரோடு இருக்கும். எவ்வளவு கேவலமான யோசனை. பென்சிலைக் காதுக்கு மேல் சொருகிக்கொண்டாள், கையில் இருந்தால்தானே எழுதத் தோன்றும்.

நடந்தது ஒன்றும் பெரிய கதை இல்லை, நாலு வரியில் சொல்லிவிடலாம், சொல்லத்தான் மூன்று மாசமாக முடியவில்லை. வருஷா வருஷம் மார்கழிக் கடைசியில், பனி ஈரம் புல்லில் இருக்கும்போதே, முற்றிய புல்லைத் துண்டு துண்டாக எரித்துவிடுவார்கள். எரித்த இடத்தில் இளம்புல் வரும், ஆடு திங்கும், கோடையில் காட்டுத் தீ வந்தாலும் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போகாது. ஆடுகள் குட்டி போட ஆரம்பிப்பதற்குள் அந்த வேலை முடிந்துவிட வேண்டும். இந்த வருஷம் தை பிறந்தும் மழை விடவில்லை, எல்லாம் தள்ளிப்போய் குட்டி விழுகிற நாளோடு வந்து ஒட்டிக்கொண்டது. அதனால் ஒவ்வொரு துண்டுக்கும் தீ வைப்பதற்கு முன்னால் ஒரு ஆள் கீழ் விளிம்போடு கம்பால் புல்லைத் தட்டிக்கொண்டே கடைசி வரை நடந்து பார்க்க வேண்டும், ஒன்றும் இல்லை என்றால் "காலி" என்று கத்த வேண்டும், மேலே நிற்கிற ஆள் பந்தத்தை வைப்பார். மேலே மாசானம் அண்ணன். கீழே எப்சிபா. துண்டின் கடைசி பல்லுப் பாறை. அவள் பல்லுப் பாறை வரை போகவில்லை. அறுபது அடி, கூடிப்போனால் எழுபது. புல் இடுப்புக்கு மேலே, முழுக்க ஈரம், ஷூவின் பெருவிரல் பக்கம் வாய் பிளந்து மூன்று நாளாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது, காலில் உணர்ச்சியே இல்லை. அதனால் போகவில்லை. நின்ற இடத்திலிருந்தே "காலீ" என்று கத்தினாள். மலை அதை வாங்கி ரெண்டு தரம் திருப்பிக் கத்தியது. இதில் என்ன இருக்கிறது, குளிரில் யாருக்கும் வருகிற சோம்பேறித்தனம்தானே, பதினெட்டு வயசுதானே. இப்படித்தான் சமாதானம் ஆரம்பிக்கும். ராத்திரி படுத்தால் முதலில் ஷூ வரும். கிழிந்த ஷூ, ஏழைப் பிள்ளை, குளிர். கேட்கவே பரிதாபமாக இருக்கும். பாதி வழி வரை அந்தப் பரிதாபம் வரும், அப்புறம் அது நின்றுவிடும், ஏனென்றால் ஷூ காரணமே இல்லை.

போன்தான். அந்தச் சரிவில் ஒரே ஒரு கல்லுக்குப் பக்கத்தில் மட்டும் சிக்னல் ஒரு கோடு வரும், பல்லுப் பாறைக்கு அறுபது அடி முன்னால். அங்கே வந்ததும் பைக்குள் போன் துள்ளியது. ஷைனி. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்ச், இப்போது பன்னிரண்டாவது, ஆண்டு விழாவுக்கு எல்லாரும் சேலை கட்டி எடுத்த போட்டோ. படம் முதலில் மங்கலாக வந்தது, வட்டம் சுற்றியது, நிறம் மட்டும் தெரிந்தது, மயில் நீலம் ஒன்று, மஞ்சள் ஒன்று. யார் எந்தச் சேலை என்று தெரியவில்லை. ஷைனிக்குப் பக்கத்தில் நிற்பது யார், அவள் இடத்தில் யார் என்று மட்டும் தெரிந்துவிட்டால் போதும் என்று நின்றாள். கையைத் தூக்கிப் பிடித்தால் கோடு வரும், தாழ்த்தினால் போகும். அப்படித் தூக்கிப் பிடித்துக்கொண்டு எத்தனை நேரம் நின்றாளோ, மேலேயிருந்து அண்ணன் குரல் வந்தது, "ஏ வாத்தியாரம்மா! தூங்கிட்டியா? பந்தம் அவியுது!" அவர் அவசரப்படுத்தியதால் கத்திவிட்டேன் என்று சொல்லலாமா. சொல்லலாம். அவரும் ஒத்துக்கொள்வார், அவர் எதையும் ஒத்துக்கொள்கிற ஆள், அதுதான் தொல்லை. கத்தினாள். கத்திவிட்டு மறுபடி போனைப் பார்த்தாள். அப்போது படம் தெளிந்துவிட்டிருந்தது, ஷைனி பக்கத்தில் நின்றது டீச்சர் மகள், மயில் நீலம். எப்சிபாவுக்குப் பொறாமையில் கண்ணில் தண்ணீர் வந்தது. மேலே அண்ணன் அவியப் போன பந்தத்துக்கு எண்ணெய் ஊற்றி ஓரமாகச் சாய்த்துவிட்டு, அது நன்றாகப் பிடிக்கும் வரை ஒரு பீடி பற்ற வைத்திருக்கிறார். அதுதான் கடிதத்தில் எழுதிய அந்த ஐந்து நிமிஷம். பீடி முடிந்து தீ வைத்தார். புகை எழும்பி, சரிவு சடசடவென்று பேச ஆரம்பித்தபோதும் அவள் போனில்தான் இருந்தாள், சூப்பர்டி என்று டைப் செய்துகொண்டிருந்தாள், அது போகவில்லை, கோடு போய்விட்டது.

அந்தச் சாயங்காலம் அணைந்த இடத்தைச் சுற்றி வந்தபோது குட்டியைக் கண்டது அண்ணன்தான். "ஏ புள்ள, இங்க வா" என்றார், குரலில் ஒன்றுமே இல்லை. பூனை அளவுதான் இருக்கும். ஒரு பக்கம் கருகியிருந்தது, மறுபக்கம் ஒன்றும் ஆகாமல் ரோமம் அப்படியே பழுப்பாக மெத்தென்று இருந்தது. தொப்புள்கொடி காய்ந்து ஒட்டியிருந்தது, மூன்று நாள் குட்டி என்றார். குளம்பைத் தொட்டுப் பார்த்தாள், ரப்பர் மாதிரி அமுங்கியது, அந்தக் குளம்பு ஒரு பாறையிலும் ஏறியிருக்காது. ஓடத் தெரியாத குட்டியைத் தாய் புல்லில் படுக்க வைத்துவிட்டுத்தான் மேயப் போகும், குட்டியும் என்ன வந்தாலும் அசையாமல் கிடக்கும், அசையாமல் கிடப்பதுதான் அதற்குத் தெரிந்த ஒரே தந்திரம். சிறுத்தைக்குச் சரி. தீக்கு? அண்ணன் குந்தி உட்கார்ந்து நெடுநேரம் பார்த்துவிட்டு, "கடைசிப் பாறை வரைக்கும் போனியா?" என்றார். சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. கேட்க வேண்டுமே என்று கேட்டார். "போனேன்ண்ணே." அதற்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. நாக்கு தானாகச் சொல்லிவிட்டது, மனசு பின்னால்தான் வந்தது. அவர் தலையாட்டினார். "அப்ப நான் பீடி குடிச்ச நேரத்துலதான் கொண்டாந்து வச்சிருக்கு. நானு... சே." எழுந்து இடுப்பிலிருந்த பீடிக்கட்டை எடுத்து, தணலில் போட்டார். அன்றிலிருந்து குடிக்கவில்லை. அவர் பெண்டாட்டி எப்சிபாவின் அம்மாவிடம் வந்து, எந்தச் சாமி புண்ணியமோ மனுஷன் பீடிய விட்டுட்டாரு என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

ஒரு விசில். கூர்மையான ஒற்றை விசில், மனுஷன் அடித்தது மாதிரியே இருக்கும், புதிதாக வந்தபோது அண்ணன்தான் கூப்பிடுகிறாரென்று ரெண்டு தரம் ஏமாந்திருக்கிறாள். மேட்டில் காவலுக்கு நின்ற பெட்டை. எல்லாத் தலையும் ஒன்றாக நிமிர்ந்தன. மேலே பருந்து, பெருசு, இறக்கையை அசைக்காமல் சரிவின் மேல் வட்டம் போடுகிறது, பிறகு மொத்த மந்தையும் தண்ணீர் கவிழ்ந்த மாதிரி பாறையை நோக்கிச் சரிந்தது. கற்கள் உருளும் சத்தம் கொஞ்சம் தாமதித்து வந்தது. இதுதான் எண்ண நல்ல நேரம், ஓடும்போது வரிசையாகும், குட்டி போட்ட ஒவ்வொரு பெட்டையின் விலாவோடும் ஒரு குட்டி ஒட்டிக்கொண்டு ஓடும். ஒன்று, ரெண்டு, மூன்று. பெட்டை, குட்டி. பெட்டை, குட்டி. பன்னிரண்டு. கடைசியாக மொட்டைக்கொம்பு. இடது கொம்பு பாதியில் ஒடிந்தது, அதனால் அவளுக்கு அந்தப் பெயர், வைத்தது எப்சிபாதான். தனியாக வந்தது. ஓடவில்லை, நடந்தது. ஓட வேண்டிய அவசரம் அதற்கு இல்லை, பருந்து அதனிடமிருந்து எதை எடுக்கும். எப்சிபா பைனாகுலரை இறக்கவில்லை. கண்ணில் அழுத்திய வளையம் வலித்தது, வலிக்கட்டும். தீக்குப் பிறகு நாலு நாள் அந்த ஆடு கரிக்காட்டில் திரிந்தது. குளம்பெல்லாம் கறுப்பு. ஒவ்வொரு கருகிய புல்தூரிலும் மூக்கை வைத்து வைத்து எடுக்கும், தும்மும், மறுபடி வைக்கும். கனைக்கும், பதிலுக்குக் காத்திருக்கும். நாலாம் நாள் பால் கட்டி மடி விடைத்திருந்தது. எப்சிபாவுக்கு அது தெரியும், அவள் அக்காவுக்குப் பிள்ளை தங்காமல் போனபோது பார்த்திருக்கிறாள். மொட்டைக்கொம்பு பாறை விளிம்புக்கு வந்து நின்று திரும்பிப் பார்த்தது. நேராக. இத்தனை தூரத்தில் அதற்கு என்ன தெரியும், கல்லில் இவள் ஸ்வெட்டர் ஒரு நீலப் புள்ளியாகத் தெரியும். ஆனாலும் நேராக. இப்படித்தான் அன்றைக்கும் நின்றது.

அன்றைக்கும் நின்றது. சரி, வந்தாச்சு. ராத்திரிகளில் ஷூவைத் தாண்டி, போனைத் தாண்டி, இங்கே வரும்போது புரண்டு படுத்துவிடுவாள். இங்கே புரள முடியாது, கல்லுதான் இருக்கிறது. அண்ணன் மேலேயிருந்து கத்தியதும் அவள் போனைத் தாழ்த்தினாள், ஒரு கடமைக்குப் பல்லுப் பாறைப் பக்கம் தலையைத் தூக்கிப் பார்த்தாள். பாறைக்கு முன்னால் ஒரு பெட்டை நின்றது. இடது கொம்பு ஒடிந்தது. மனுஷி கம்பும் கையுமாக அறுபது அடியில் நிற்கிறாள், மேலே பந்தம் எரிகிறது, ஓடவில்லை. ஓட வேண்டிய ஆடு ஓடவில்லை என்றால் அதன் பின்னால் புல்லில் ஓட முடியாத ஒன்று இருக்கிறது, இதைத் தெரிந்துகொள்ள இயற்பியல் தேற வேண்டியதில்லை, ஃபயர் வாட்சருக்கு முதல் நாள் சொல்லிக்கொடுப்பதே இதுதான். அவளுக்குத் தெரியும். அந்த நொடியில் தெரியும். தெரிந்து, போய்ப் பார்த்தால் இன்னும் கால் மணி நேரம், துண்டை விட்டுவிட்டு வேறு துண்டுக்கு ஏற வேண்டும், சிக்னல் போய்விடும் என்று நினைத்து, காலி என்றாள். சோம்பேறித்தனம் இல்லை அது, தெரியாமல் செய்ததும் இல்லை. என்ன பெயர் அதற்கு என்று அவளுக்குத் தெரியவில்லை, பெயர் வைக்கவும் வேண்டாம். மொட்டைக்கொம்பு விளிம்பில் இறங்கி மறைந்தது. சரிவு காலியாகக் கிடந்தது, இப்போது நிஜமாகவே காலி. பென்சிலை எடுத்துக் குட்டிக் கட்டத்தில் பன்னிரண்டு என்று எழுதினாள். விரல் விறைத்து ரெண்டு கோணலாகப் போனது. திருத்தவில்லை. சொன்னால் வேலை போகும், அது மட்டுமா, ஏழு ஆம்பளைகளுக்கு நடுவில் ஒரு பொம்பளைப் பிள்ளை, அம்மா எஸ்டேட் ஆபீஸ் வாசலிலும் ரேஞ்ச் ஆபீஸ் வாசலிலும் மாறி மாறி நின்று வாங்கிக் கொடுத்த வேலை. அன்னிக்கே சொன்னோமே பொம்பளப் புள்ளைங்க காட்டு வேலைக்குச் சரிப்படாதுன்னு, என்று ஆரம்பிப்பார்கள், அடுத்து வருகிற பெண்ணுக்கும் சேர்த்துக் கதவை அடைப்பார்கள். சொல்லாவிட்டால் அவர் போவார். பதினொரு வருஷம் தற்காலிகமாகவே ஓட்டியவர், இந்த வருஷம்தான் நிரந்தரம் செய்கிற பட்டியலில் பெயர் வந்தது, வந்த மாசமே விளக்கம் கேட்டுக் காகிதமும் வந்தது. சொல்லு. சொல்லாதே. மணி எட்டு ஐம்பது. அவள் எழுந்தாள், கால் மரத்து மறுபடி உட்கார்ந்தாள், அந்த ஒரு உட்காரலில்கூட ஒரு நிம்மதி வந்தது பார், அதை நினைத்துத் தன்னையே காறித் துப்பலாம் போலிருந்தது.

ரெண்டு மேட்டுக்கும் நடுவில் ஒற்றையடிப் பாதை சேர்கிற இடத்தில் அவர் காத்துக்கொண்டிருந்தார். ஃபாரத்தைச் சுருட்டிக் கையில் வைத்திருந்தார். "என்ன வாத்தியாரம்மா, மூஞ்சி பேயறஞ்ச மாதிரி இருக்கு? அட்டை ஏறிருச்சா?" என்றார். "எவ்வளவுன்னு கேக்க மாட்டேன், பயப்படாத. ரூல்ஸு." முன்னால் நடக்கத் திரும்பினார். இவள் நடக்கவில்லை. "அண்ணே, அந்த லெட்டர குடுக்காதீங்க."

"ஏன், தப்பு கிப்பு எழுதிட்டியா?"

"நான் பல்லுப் பாறை வரைக்கும் போகலண்ணே."

"எப்ப?"

"அன்னிக்கு. போன் பாத்துக்கிட்டு நின்னேன். போகாமயே கத்திட்டேன். நீங்க பீடி குடிச்சதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. குட்டி முன்னாடியே அங்கதான் இருந்துச்சு."

அவர் குல்லாவைக் கழற்றினார், தலையைச் சொறிந்தார், மறுபடி மாட்டினார். அடிப்பார் என்று நினைத்தாள், அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தாள். "மூணு மாசம்டி" என்றார். அவர் அவளை டி போட்டுப் பேசியதே இல்லை. "மூணு மாசமா அந்தப் பெட்டைய நான் நிமிந்து பாக்கல. இன்னிக்குக்கூட அத எண்ணும்போது கண்ண மூடிக்கிட்டு எண்ணுன மாதிரிதான் எண்ணுனேன். எம் பொண்டாட்டி மாசமா இருக்கா, அந்தப் பாவம் வயித்துல பிடிச்சிருமோன்னு கோயில் கோயிலா நேந்துக்கிட்டுக் கெடக்கேன். ஒங்க வீட்டு வாசல்ல வந்து ஒக்காந்து, ஒன்ன வச்சே எழுதி வாங்கி... சிரிச்சியேடி. நான் சொன்னதுக்குச் சிரிச்சியே."

"அண்ணே, மன்னிச்..."

"எங்கிட்ட கேக்காத. எங்கிட்ட சொல்லிட்டா எறங்கிரும்னு பாக்குறியா? நட." அவர் இறங்க ஆரம்பித்தார், திரும்பியே பார்க்கவில்லை, வழுக்கும் இடத்தில் வழக்கமாகக் கையை நீட்டுவார், நீட்டவில்லை. அவள் உட்கார்ந்து சறுக்கி இறங்கினாள், பின்பக்கம் முழுக்கச் சேறு. அவர் சொன்னது சரிதான், அவரிடம் சொன்னதும் நெஞ்சு கொஞ்சம் இலேசாகியிருந்தது. பெட்டை நின்றதை அவரிடம் சொல்லவில்லை. போகவில்லை என்று சொன்னாள், போன் என்று சொன்னாள், சோம்பேறித்தனத்துக்கு என்ன தண்டனையோ அந்த அளவுக்கு மட்டும் அளந்து சொல்லிவிட்டு மீதியை உள்ளேயே வைத்திருக்கிறாள். என்ன பிறவி இது. அழும்போதுகூட எவ்வளவு அழுதால் போதும் என்று பார்த்து அழுகிற பிறவி. பாதை நெடுக அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தாள், ஜெர்க்கினில் ஒரு தையல் விட்டிருந்தது, அந்த முதுகுக்கு இன்னும் முழு விஷயம் தெரியாது. இதை யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. இதைப் பார்த்தது ரெண்டே பேர், ஒன்று அவள், இன்னொன்று பேசாது.

கொட்டகையில் ஃபாரஸ்டர் இளமாறன் சார் ஸ்டூலில் உட்கார்ந்து, மடியில் அட்டையை வைத்து மற்ற சரிவுகளின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டிருந்தார். அடுப்பில் யாரோ உப்புமா கிண்டினார்கள். மாசானம் அண்ணன் தன் ஃபாரத்தை நீட்டினார். எப்சிபாவும் நீட்டினாள். சார் ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, "பரவால்லயே, ரெண்டு பேருக்கும் குட்டி பன்னெண்டு" என்றார். பிறகு தலையைத் தூக்காமலே, "மாசானம், அந்த விளக்கக் கடிதம் கொண்டாந்தியா? இன்னிக்கு விட்டா அப்புறம் நான் பொறுப்பில்ல." அண்ணனின் கை சட்டைப் பைக்குப் போயிற்று. அங்கேயே நின்றது. அவர் அவளைப் பார்க்கவில்லை, அடுப்பைப் பார்த்தார். "இந்தப் புள்ள என்னமோ சொல்லணுமாம் சார்" என்றார்.

"என்னம்மா?"

"கடைசிப் பாறை வரைக்கும் நான் போகல சார்."

சார் ஃபாரத்தைத் திருப்பிப் பார்த்தார். முகம் சுருங்கியது. "போகலைன்னா அப்புறம் எப்படி நம்பர் போட்ட? இருந்த எடத்துல இருந்தே குத்துமதிப்பா எழுதிட்டியா? இந்த லட்சணத்துலதான் கணக்கெடுப்பு..." பென்சிலால் அவள் எண்ணை அடிக்கப் போனார். ஒரு தரம் சொன்னால் முடிந்துவிடும் என்று அவள் நினைத்திருந்தாள். பாதையில் ஒரு தரம், இங்கே ஒரு தரம், ரெண்டு தரமும் சொல்லியாகிவிட்டது, இன்னும் யாருக்கும் முழுசாகப் போய்ச் சேரவில்லை. இப்போதுகூட ஆமா சார், தப்புத்தான் சார், மறுபடி போய் எண்ணிட்டு வரேன் சார் என்று சொல்லிவிட்டு மேலே ஏறிவிடலாம், வழி திறந்துதான் கிடக்கிறது. அண்ணனும் தடுக்க மாட்டார். பைக்குள் போன கை கடிதத்தோடு வெளியே வரும்.

"இன்னிக்கு இல்ல சார். இன்னிக்கு எண்ணுனது சரி. தை மாசம் தீ வச்ச அன்னிக்கு. நான் போகாமயே காலின்னு கத்துனேன்." அவள் ஒரு அடி முன்னால் வந்தாள். "அது மட்டும் இல்ல சார். பெட்டை அங்க நின்னுச்சு. என்னப் பாத்தும் ஓடல. குட்டி இருக்குன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் கத்துனேன்."

கரண்டிச் சத்தம் நின்றது. சாரின் பென்சில் தாளில் படாமல் நின்றது. மாசானம் அண்ணன் அடுப்பிலிருந்து முகத்தைத் திருப்பி, பாதையில் அவள் சொன்னதிலிருந்து முதல் தடவையாக, அவளை நேராகப் பார்த்தார். அவள் கண்ணை எடுக்கவில்லை.